நிற்கிற லொறிக்கு ஒரு ஏசி

கனடாவில் நான் ஓட்டுகிற லொறியில், கேபினுக்குப் பின்னால் ஒரு சின்ன இன்ஜின் பூட்டியிருக்கிறது. பெரிய இன்ஜினை அணைத்துவிட்டுப் படுக்கும்போது இது ஓடும். பனிக்காலத்தில் கேபினைச் சூடாக்கும், கோடையில் குளிராக்கும், தேநீருக்குத் தண்ணீரும் கொதிக்க வைக்கும். குடிக்கிற டீசல் கொஞ்சம்தான். எங்கள் ஓட்டுநர்கள் அதை ஏபியு என்பார்கள். தன்னைவிட அதை நான் நன்றாகக் கவனித்துக்கொள்வதாக என் மனைவி சொல்லித் திரிகிறாள். முழுப்பொய் என்று என்னால் மறுக்க முடியவில்லை.

இந்தப் பெருமையை நான் ஊரெல்லாம் அளக்காமல் இருந்திருக்கலாம். அளந்ததைக் கேட்டவர்களில் ஒருவன் செந்தில். என் கம்பெனியிலேயே லொறி ஓட்டுகிறான், திருப்பூர்க்காரன். அவனுடைய அண்ணன் வேலுச்சாமி திருப்பூரில் நாலு கண்டெய்னர் லொறி வைத்து, பனியன் கம்பெனிகளின் சரக்கைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்புகிறவர். அவருடைய டிரைவர் ஒருவர் பகல் முழுக்க வெயிலில் லோடுக்குக் காத்திருந்துவிட்டுச் சாயந்தரம் வண்டியை எடுத்திருக்கிறார். தாராபுரம் தாண்டியதும் கண் சொருகி, சாலை நடுவிலிருந்த தடுப்பில் ஏற்றிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அண்ணன் பயந்துவிட்டார்.

லொறியில் ஏற்கெனவே ஏசி உண்டு, இன்ஜின் ஓடினால்தான் அது ஓடும். மணிக்கணக்காக நிற்கிற வண்டியில் அதற்காக டீசலை எரிக்க எந்த முதலாளியும் விடமாட்டார். ஆகவே வேலுச்சாமி நாமக்கல் பட்டறை ஒன்றில் சொல்லி, தனி பேட்டரியில் ஓடுகிற பார்க்கிங் ஏசியை ஒரு வண்டிக்கு மட்டும் பூட்டியிருந்தார். ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, பிடித்தால் நாலு வண்டிக்கும் போடுவது, பிடிக்காவிட்டால் பட்டறைக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போவது என்று பேச்சு. நான் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போவது தெரிந்ததும் செந்தில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு எட்டு திருப்பூர் போயி அண்ணங்கிட்டச் சொல்லிட்டு வாங்க. நாஞ் சொன்னா சின்னப்பையன் பேச்சும்பாரு. நீங்க சொன்னா கனடாக்காரர் சொல்றாருன்னு கேப்பாருங்க."

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் தலை நரைத்த எனக்குத் திருப்பூர் என்றால் பனியன், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு லொறிக்கு ஏசி வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதில் என்ன இருக்கிறது? வேண்டும் என்ற பதிலை விமானத்திலேயே தயார் செய்துவிட்டேன்.

சித்திரை மாதம். ரயிலை விட்டு இறங்கியபோது காலைச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் வெயில் முகத்தில் அறைந்தது. வேலுச்சாமி வெள்ளைச் சட்டையோடு ஸ்டேஷன் வாசலில் நின்றார். என் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"ரயில்ல தூங்குனீங்களா? பல்லு வெளக்கியாச்சுங்களா? தம்பி நல்லா இருக்கறானுங்களா?"

மூன்றுக்கும் சேர்த்து "ஓம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ஓம் ஓம்னு சொல்றீங்க, ஐயர் வந்தாப்பல இருக்குதுங்க" என்றார். அன்றிலிருந்து நான் ஊரை விட்டுப் போகும்வரை அவர்கள் வீட்டில் என் ஒவ்வொரு ஓமுக்கும் யாராவது ஒருவர் சிரித்தார்கள்.

வீட்டில் அவருடைய மனைவி சரசு, தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று எதையோ வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றினார். "இடியப்பம் நல்லா இருக்கு" என்றேன். "இடியாப்பம் வேறங்க, இது சந்தகைங்க" என்று உடனே திருத்தினார். நாங்கள் மாவைப் பிழிந்துவிட்டு அவிக்கிறோம். இவர்கள் அவித்துவிட்டுச் சுடச்சுடப் பிழிகிறார்கள். பிழிகிறவர் கை என்ன பாடுபடும் என்று சாப்பிடும்போதே தெரிந்தது. வெட்கமில்லாமல் மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

கை கழுவியதும் வேலுச்சாமி விஷயத்துக்கு வந்தார். "நேராவே கேக்கறனுங்க. இந்த மெசினு வேணுமுங்களா, வேண்டாமுங்களா? நாலு வண்டிக்கும் போட்டா பெரிய செலவுங்க. போடலீன்னா, நம்ம டிரைவரு செல்லத்துரை மோதுனாப்பல இன்னொருத்தரு மோதிருவாரோன்னு பயமாவே இருக்குதுங்க."

"அது என்ர உயிரல்லோ. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ" என்றேன்.

சரசு தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார்: "வெகு தூரத்துல இருந்து வந்திருக்கறீங்க. கண்ணத் தொறந்துட்டே ஒருக்கா வண்டில போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சாமி."

மறுநாள் காலை அந்த ஏசி பூட்டிய லொறியில் ஏறப் போனேன். இருபது வருடப் பழக்கத்தில் கால் தானாக இடதுபக்கம் போய், கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தால் முன்னால் ஸ்டியரிங்கைக் காணோம். ஒரு கணம் திகைத்துப் போனேன். மறுபக்கக் கதவால் ஏறிய மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய? ஸ்டியரிங்கு இங்க இருக்கு. வேணும்னா நான் அங்கிட்டு வாரேன்."

இவர்தான் செல்லத்துரை, தாராபுரத்தில் மோதியவர். ஒல்லியான ஆள், மீசைக்கு மட்டும் மை அடித்திருந்தார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து திருப்பூரிலேயே தங்கிவிட்டவர். மனைவி எஸ்தர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். தைத்து வந்த சட்டைகளை டியூப்லைட்டின் கீழே புரட்டிப் புரட்டி ஓட்டை, கறை பார்க்கிற வேலை. போகிற வழியில் நான் கேட்காமலே செல்லத்துரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு இடிச்சதுல இருந்து எஸ்தரு தூங்க மாட்டேங்கா. நான் ரோட்டுல இருந்தம்னா போன் மேல போன். இனி ஸ்டியரிங்கத் தொடப்பிடாதுன்னுட்டா. அப்பந்தான் முதலாளி இந்த ஏசியப் போட்டாரு. இது வண்டில நின்னா நானும் நிக்கேன், இதக் கழத்துனா நானும் எறங்கிருதேன்னு பைபிள் மேல கைய வச்சுச் சொல்லிருக்கேன் அண்ணாச்சி. எறங்குனா வாட்ச்மேன் வேலதான். ஸ்டூல்ல உக்காந்து சல்யூட் அடிக்கதுக்கு எனக்கு ஏலாது."

நான் கொடுக்கப்போகும் பதிலில் ஒரு மனிதருடைய ஸ்டியரிங் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லோடு ஏற்றவேண்டிய ஏற்றுமதிக் கம்பெனி திருமுருகன்பூண்டிப் பக்கம். கேட்டுக்கு வெளியே, சாலை ஓரமாக லொறிகள் வரிசையில் நின்றன. எதிரே சிற்பப் பட்டறைகள். மூக்கு இன்னும் வராத பிள்ளையார்களும் முகம் வராத அம்மன்களும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். மெசினில் கல் அறுக்கும் சத்தமும் உளிச் சத்தமும் ஓயவில்லை. வெள்ளைத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது.

காத்திருப்பதன் முறையைச் செல்லத்துரை விளக்கினார். உள்ளே சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, மடித்து, அட்டைப்பெட்டியில் அடைத்து முடிந்தால்தான் ஒரு வண்டியை உள்ளே விடுவார்கள். அது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வண்டி உள்ளே போனதும் செக்யூரிட்டி விசில் ஊதுவார். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு வண்டி நீளம் முன்னே நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் இருப்பவர் சுற்றிக்கொண்டு முன்னே போய்விடுவார், அதைத் தப்பென்று யாரும் சொல்வதில்லை. ஒருவருடைய வண்டியை இன்னொருவர் எடுத்து நகர்த்துவதும் கிடையாது. சாவியை வேறு ஆள் கையில் கொடுத்தது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். ஆகவே யாரும் ஆழ்ந்து தூங்குவதில்லை. வேப்பமர நிழலில் அட்டையை விரித்து, ஒரு காதை விசிலுக்குக் கொடுத்துவிட்டுக் கிடக்கிறார்கள்.

கனடாவில் நான் காத்திருப்பது வேறு விதம். பண்டகசாலை முற்றத்தில் வண்டியை விட்டுவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பேன். எத்தனையாம் கதவுக்கு வரவேண்டும் என்று போனில் செய்தி வரும். பத்து வருடமாகப் போகிற இடத்தில்கூட எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது.

"போடட்டா?" என்று செல்லத்துரை தாலி கட்டப்போகிற மாப்பிள்ளை மாதிரி கேட்டுவிட்டு பார்க்கிங் ஏசியைப் போட்டார். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் கேபின் குளிர்ந்தது. நான் பின்னால் இருந்த படுக்கையில் படுத்துப் பார்த்தேன். என்னுடையதைப்போல் தேநீர் போடத் தெரியாது, மற்றபடி நல்ல வேலைக்காரன். ஆறேழு மணி நேரம் தாராளமாக ஓடும் என்று பட்டறைக்காரர் சொன்னதை நம்பலாம் என்றே பட்டது. என் பதில் சரிதான் என்று சந்தோஷமாகக் கண்ணை மூடினேன்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கழுத்தில் ஈரத்துண்டோடு ஒரு டிரைவர், பின் வண்டிக்காரர், பெயர் ரங்கன். "குளுருதாமுங்க, நெசமுங்களா?" என்று கேட்டார். "உள்ள வாரும், வந்து பாரும்" என்றார் செல்லத்துரை. ரங்கன் ஏறி, இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். இறங்கவில்லை. அவரைத் தேடி இன்னொருவர் வந்தார். அவருக்குத் தேநீர் கொண்டுவந்தவர், கொடுத்துவிட்டுப் போகாமல் அவரும் ஏறினார். எதிர்ப் பட்டறையிலிருந்து ஒரு சிற்பி, தலை முதல் கால் வரை கல்தூசியோடு, செருப்பை மட்டும் மரியாதையாகக் கீழே விட்டுவிட்டு ஏறினார். பிறகு பெட்டி ஏற்றுகிற வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவன் இந்தியில் எதையோ சொல்ல மற்றவன் குலுங்கிச் சிரித்தான்.

"என்ன சொல்லுறான்?" என்று கேட்டேன்.

"சொர்க்கத்துல சீட்டு கெடச்சிருக்கு, ஆனா நின்னுக்கிட்டேதான் போவணும் போலிருக்குங்கான்" என்றார் செல்லத்துரை. டிரைவர்களுக்குத் தெரியாத பாஷை இல்லை.

நான் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. என் விலாவில் யாருடைய முழங்கையோ இருந்தது. ஒவ்வொருவர் ஏறும்போதும் இறங்கும்போதும் கதவு திறந்து, வெளி வெயில் அத்தனையும் உள்ளே வந்தது. ஏசி முதலில் முனகியது, பிறகு சூடான காற்றை ஊதியது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நின்றுபோனது. பேட்டரி காலி. வந்தவர்கள் எல்லோரும் "நல்ல மெசினுங்க" என்று பாராட்டிவிட்டு இறங்கிப் போனார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து வேலுச்சாமி போன் செய்தார். செல்லத்துரை என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "ரெண்டு மணி நேரங்கூடத் தாங்கல முதலாளி" என்றார். ஏன் தாங்கவில்லை என்று சொல்லவில்லை. நானும் பக்கத்தில் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை.

"ஏன் எல்லாரையும் ஏத்தினனீங்கள்? கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கலாமே" என்று பிறகு கேட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

"அவனுவ வெளிய வெந்துக்கிட்டு இருக்கும்போது நான் உள்ள காலாட்டிக்கிட்டுக் கெடக்கவா? எப்படி அண்ணாச்சி தூக்கம் வரும்? வழியில டயர் வெடிச்சா இவனுவதான வந்து நிக்கணும்." அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

வெயில் சாயும் நேரத்தில்தான் லோடு ஏறி முடிந்தது. கண்டெய்னருக்கு சீல் வைத்து அனுப்பினார்கள். தாராபுரம்வரை நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். காங்கேயம் வரும்வரை செல்லத்துரை வாய் ஓயவில்லை. களங்களில் கொப்பரை காய்கிற வாசனை கேபினுக்குள் வந்தது. "ஊரே தலைக்கு எண்ண தேச்சிட்டு ஒக்காந்திருக்கு பாத்தியளா" என்று சிரிக்கவைத்தார். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. அவர் கண் இமைகள் மூடித் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே போனது. எனக்குத் தெரியாத விஷயமா அது? பனிச்சாலையில் எனக்கே அப்படிக் கண் சொருகிய நாட்கள் உண்டு.

தாராபுரம் நெருங்கும்போது வண்டி மெல்ல இடதுபக்கம் போனது. சக்கரம் சாலையை விட்டு மண்ணில் இறங்கியது. முன்னால் ஒரு புளியமரம். "செல்லத்துரை!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு ஒடித்து நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு கடந்து போனது. அவருடைய கை ஸ்டியரிங்கை விடவே இல்லை.

"எஸ்தர்ட்ட சொல்லிராதிய" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேநீர்க்கடை ஓரமாக வண்டியைப் போடவைத்தேன். நான் முழித்திருக்கிறேன், நீங்கள் படுங்கள் என்றேன். ஏசி வேலை செய்கிற நிலையில் இல்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். அமராவதிப் பக்கமிருந்து வந்த காற்று கேபினுக்குள் புகுந்தது. அவர் தலையணையில் தலை வைத்ததுதான் தெரியும், குறட்டை வந்துவிட்டது. அப்போது அவருடைய போன் அடித்தது. எஸ்தர். அவர் எழுந்துவிடக் கூடாதே என்று நான் எடுத்தேன்.

"யாரு பேசுதது? அவிய எங்க?" குரலில் அவ்வளவு பயம்.

"நான் கனடாவில இருந்து வந்தனான். பக்கத்தில இருக்கிறன். வண்டி நிக்குது. அவர் நல்ல நித்திரை."

"தூங்கட்டும், எழுப்பாதிய" என்றார். வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார்: "ஏசி நல்லா ஓடுதா?"

பொய் சொல்லவும் மனம் வரவில்லை, உண்மை சொல்லவும் மனம் வரவில்லை. "காத்து நல்லா வருது அம்மா" என்று சொல்லி வைத்தேன்.

தூங்கி எழுந்தவர் முகம் கழுவிவிட்டுத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டார். நான் பஸ் பிடித்துத் திருப்பூர் திரும்பினேன். அவசரத்தில் ஏறிய பஸ் ஊர் ஊராக நின்று நின்று போகிற பஸ். "அவசரமா போறவங்க இதுல ஏறலாமுங்களா?" என்று கண்டக்டர் என்மேல் பரிதாபப்பட்டார். மறுநாள் காலை, "வந்து சேந்துட்டேன் அண்ணாச்சி" என்று செல்லத்துரை போன் செய்யும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று சாயந்தரம் வேலுச்சாமி என்னைக் காளான் சாப்பிடக் கூட்டிப்போனார். தள்ளுவண்டியில் பெரிய கல்லில் சிவப்பாகக் கொதிக்கிறது, மேலே வெங்காயம் தூவித் தருகிறார்கள். நான் கரண்டியால் கிளறிக் கிளறித் தேடியதில் முட்டைக்கோசுதான் கிடைத்தது. காளான் எங்கே என்று கேட்டதற்கு, "அது பேருலதானுங்க" என்றார். ருசியில் குறையில்லை.

"மெசினு சரிப்பட்டு வரலீங்க" என்று அவராகவே ஆரம்பித்தார். "ரெண்டு மணி நேரம் ஓடறதுக்கு எதுக்குங்க இத்தன செலவு? நாளான்னைக்கு வந்து கழட்டிக்கச் சொல்லீருக்கறன். உங்களத்தான் வீணா அலைய வெச்சுட்டனுங்க."

சொன்னால் செல்லத்துரை அகப்படுவார். சொல்லாவிட்டால் மெசின் போகும், அதோடு செல்லத்துரையும் போவார். புளியமரம் கண்ணுக்கு முன்னால் நின்றது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மண்ணில் இறங்கிய சக்கரத்தையும் சேர்த்து.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கொங்கு நாட்டுக்காரருக்குக் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது என்று அன்று தெரிந்துகொண்டேன். "ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் நானுங்களா ஏசி போடறது? அது வண்டிங்களா, பஸ் ஸ்டாண்டுங்களா? அவரு நல்லாத் தூங்கோணும்னுதானுங்க நான் போட்டதே!"

"கனடாவில எனக்கு அது நல்லா வேலை செய்யுதெண்டால், என்ர கதவைத் தட்ட ஒருத்தரும் இல்லை" என்றேன். "ரெண்டு நாள் சேர்ந்தாப்போல ஒரு மனுசரோடும் கதைக்காமல் கிடந்திருக்கிறன். குளிருக்கும் குறைவில்லை, நித்திரைக்கும் குறைவில்லை. ஆனால் அது ஒரு சீவியமோ தெரியாது." இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. முட்டைக்கோசுக் கிண்ணத்தோடு தெருவில் நின்றுகொண்டு சொல்ல நேர்ந்தது.

அவர் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கடைக்காரருக்குக் காசைக் கொடுத்தார். "நாளைக்கு நானே வந்து வண்டில உக்காந்துக்கறனுங்க" என்றார் கடைசியில். "கதவச் சாத்தி வெச்சுப் பாத்தரலாம். யாரு உள்ள வர்றாங்கன்னு பாக்கறன்."

மறுநாள் அதே கேட், அதே வரிசை, அதே வெயில். செல்லத்துரை அதிகாலையில்தான் தூத்துக்குடியிலிருந்து திரும்பியிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். முதலாளியே வந்து ஏறியதைப் பார்த்து அவருக்கு உதறல். வேலுச்சாமி அதிகம் பேசவில்லை. "நீங்க படுங்க" என்று பின்னால் இருந்த படுக்கையைக் காட்டினார். செல்லத்துரை சாவியைப் படுக்கைக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேலுச்சாமி ஏசியைப் போட்டார். கதவை இழுத்துச் சாத்தினார். நானும் அவரும் முன்னால், இரண்டு நீதிபதிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

கதவு தட்டப்பட்டது. ரங்கன். ஈரத்துண்டு இன்றும் கழுத்தில் இருந்தது, ஆனால் ஈரம் காய்ந்துவிட்டது. முதலாளியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இல்லீங்க, சும்மாதானுங்க, நான் அப்பறமா..." என்று பின்வாங்கினார்.

வேலுச்சாமி உதட்டை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் வாசலில் வந்து நிற்கிற ஆளை அந்த ஊர்க்காரரால் வா என்று சொல்லாமல் அனுப்ப முடியாது போலிருக்கிறது. அவர் யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"வாங்க."

சொன்னபிறகு அவரே திகைத்துப் போனார். சொன்னது சொன்னதுதான். "ஏறுங்க, ஏறுங்க. வெயிலு உள்ள வருது" என்று என் பக்கம் நகர்ந்து இடம் விட்டார். ரங்கன் ஏறி, டிரைவர் சீட்டில் பாதி உட்கார்ந்தார். அடுத்து வந்தவருக்கும் வாங்கதான். அதற்கடுத்த வடநாட்டுப் பையனுக்கும் வாங்கதான், அவனுக்கு அது என்னவென்று விளங்கியிருக்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தே ஏறிவிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலுச்சாமி என்னை ஒரு முறை முறைத்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பேச்சுச் சத்தம் கேட்டுச் செல்லத்துரை எழப் பார்த்தார். "நீங்க படுங்க" என்றார் வேலுச்சாமி. "வந்தவங்ககிட்ட நான் பேசிக்கறன்." மற்றவர்களிடம் திரும்பி, "ஏனுங்க, அவரு ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்திருக்கறாருங்க. உக்காருங்க, வேண்டாங்கல. மெதுவாப் பேசோணும்" என்றார். அதற்குப் பிறகு கேபினில் கோயிலைப்போல் ஒரு குசுகுசுப்பு. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து குறட்டை வந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வடநாட்டுப் பையன் இறங்கும்போது கதவை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் சாத்தினான்.

அப்போது விசில் ஊதியது. முன் வண்டி உள்ளே போகிறது, நாங்கள் நகர வேண்டும். ரங்கன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அடுத்து நிற்பது அவருடைய வண்டி. அதை எடுத்துக்கொண்டு எங்களைச் சுற்றி அவர் முன்னே போயிருக்கலாம். இறங்குவார் என்று நினைத்தேன். அவர் டிரைவர் சீட்டில் முழுசாக நகர்ந்து உட்கார்ந்தார். வேலுச்சாமியைப் பார்த்து, வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

வேலுச்சாமி ஒரு நிமிடம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு எட்டிக் கொக்கியில் இருந்த சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இன்ஜின் சத்தத்துக்கு எந்த டிரைவரும் எழுந்திருக்க மாட்டான், அது எனக்குத் தெரியும். குலுக்கலுக்குத்தான் எழுவான். ரங்கன் கிளட்சை விட்ட விதம், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுகிற விதம். அவ்வளவு பெரிய வண்டி ஒரு வண்டி நீளம் முன்னே போய் நின்றது. செல்லத்துரை ஒருக்களித்துப் படுத்திருந்தவர் மல்லாந்து படுத்தார், அவ்வளவுதான். ரங்கன் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி ஓடினார், தன் வண்டியை நகர்த்த. நகர்த்திவிட்டு மறுபடி வந்து ஏறிக்கொண்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, வெளியே பார்த்தேன்.

ஏசி முனக ஆரம்பித்தது. வேலுச்சாமி மேலே பார்த்தார், பின்னால் பார்த்தார். என் காதருகே குனிந்து, "இன்னொரு பேட்டரி சேத்திப் போட்டா எவ்வளவு நேரம் தாங்குமுங்க?" என்றார். சாயந்தரம்வரை தாங்கும் என்றேன். அவர் போனை எடுத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நாமக்கல் பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்.

"கழட்ட வர வேண்டாமுங்க. மத்த மூணு வண்டியையும் அனுப்பறனுங்க. எல்லாத்துக்கும் ஒரு பேட்டரி சேத்தியே போட்டுருங்க." அந்தப் பக்கத்துக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள், சத்தமாகச் சொல்லுங்கள் என்று அவர் கத்தினார்.

"சத்தமாப் பேச முடியாதுங்க" என்றார் வேலுச்சாமி. "ஆளு தூங்கறாருங்க."